ஏரியில் கிடந்த மோட்டார்

திருவண்ணாமலை
27.2.2004

அன்பு மகள் மெஹ்ஜபீனுக்கு அப்பா ஜானி பாஷா எழுதிக்கொள்வது, அஸ்ஸலாமு அலைக்கும். நாங்க மூணு பேரும் இங்க அல்லாஹ்வோட கிருபையில சுகமா இருக்கோம், நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அந்த ஓமான் வெயில்ல நோய் நொடி இல்லாம இருக்கணும்னு அஞ்சு வேளையும் துஆ கேட்டுக்கிட்டிருக்கேன். உன் கடிதம் பக்ரீத் முடிஞ்சு நாலாம் நாள் வந்துச்சு. அம்மிக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கு, டாக்டர் கீழ உக்காராதன்னு சொன்னா இவ கீழ உக்காந்துதான் கீரை ஆயறா, நீ எழுதினாலாவது கேப்பா. சைஃபுல்லா இப்ப ரமணாசிரமம் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸ்ல வண்டி ஓட்டறான், வெள்ளைக்காரங்களோட பழகிப் பழகி உன் தம்பி டீயில சர்க்கரை வேணாங்கறான், அம்மிக்கு அது ஒரு கவலை. பதில் எழுத மூணு வாரம் ஆயிடுச்சுன்னு கோவிச்சுக்காத. ரெண்டு தரம் எழுத ஆரம்பிச்சு ரெண்டு தரமும் கிழிச்சுப் போட்டேன். மனசு ஒரு நிலையில இல்ல மகளே, ஏன்னு இந்தக் கடிதத்துல எழுதறேன், பொறுமையா படி.

நீ ஜெராக்ஸ் எடுத்து அனுப்பின பாடத்தை கடையில உக்காந்து முழுசா படிச்சேன். ஆறாம் கிளாஸ் புள்ளைங்களுக்கு நடத்தற பாடம் எனக்கு ரெண்டு தரம் படிச்சாத்தான் விளங்குது. நைல், சிந்து, சீனாவுல மஞ்சள் ஆறு, அப்புறம் யூப்ரடிஸ் டைக்ரிஸ், போன வருஷம் டிவியில குண்டு போட்டுக் காட்டினாங்களே அந்த பாக்தாத்துல ஓடறதுதான் டைக்ரிஸ்னு சைஃபுல்லா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஆறு வெள்ளம் வந்து வண்டல் போட்டுச்சு, ஜனங்க கால்வாய் வெட்டினாங்க, வருஷா வருஷம் தூர் வாரணும்னா தனியாளால ஆவாது, அதனால ஒண்ணு சேர்ந்தாங்க, யாருக்கு எவ்வளவு தண்ணின்னு பிரிக்க ஒரு ஆள் வந்தான், எழுத்து வந்துச்சு, ஊர் வந்துச்சு, ராஜா வந்தான்னு போட்டிருக்கு. எனக்கு ஒரு சந்தேகம். ஒண்ணா இருந்ததால கால்வாய் வெட்டினாங்களா, கால்வாய் வெட்டினதால ஒண்ணா இருந்தாங்களா? நீ டீச்சர், எழுது. இன்னொண்ணு, இந்தப் பாடத்துல அந்தத் தண்ணியைத் திருடினவங்களைப் பத்தி ஒரு வரியும் இல்ல. அஞ்சாயிரம் வருஷத்துல ஒருத்தன் கூடவா திருடியிருக்க மாட்டான்?

நீ இருக்கற நிஸ்வா ஊர்ல ஆறே கிடையாதுன்னும், மலைக்கு அடியில சுரங்கம் வெட்டி தண்ணியை தானா ஓடி வர வச்சிருக்காங்க, அதுக்கு ஃபலஜ்னு பேரு, ஒரு குச்சியை நட்டு அதோட நிழலைப் பார்த்து இவனுக்கு இவ்வளவு நேரம் அவனுக்கு அவ்வளவு நேரம்னு பேரீச்சந் தோப்புக்குத் தண்ணி பிரிக்கறாங்கன்னும் எழுதியிருந்த. மோட்டாரே இல்லாமன்னு ரெண்டு கோடு போட்டு எழுதியிருந்த, உன் அப்பன் மோட்டார் மெக்கானிக்குனு கிண்டல்தானே? இருக்கட்டும். நம்ம பக்கம் தண்ணி எப்படி பிரிக்கறாங்கன்னு புள்ளைங்களுக்குச் சொல்லணும், வேடியப்பன் மாமாகிட்ட கேட்டு எழுதுங்கன்னு கேட்டிருந்த. அங்கதான் மகளே எனக்குக் கை நின்னுபோச்சு. வேடியப்பனைக் கேக்கற நிலைமையில நான் இல்ல.

நம்ம பக்கமும் ஆறுன்னு பெருசா சொல்லிக்க முடியாது, செய்யாறு மணலாக் கிடக்கு, எல்லாம் ஏரிதான். மழையைப் புடிச்சு கரை கட்டி நிறுத்தி, மதகைத் திறந்து முறை வச்சு பாய்ச்சறது. மூணு வருஷமா மழை கம்மி. கிணறு வத்திப்போய் காத்தை இழுத்து இழுத்து கருகின மோட்டாருங்க என் கடையில அடுக்கிக் கிடக்கு. கீழ்பென்னாத்தூர் தாண்டி வேடியப்பன் ஊர் ஏரி இந்த வருஷம் ஐப்பசி மழையில பாதிதான் நிறைஞ்சுது. அதனால அந்த ஊர் ஏரிச் சங்கத்துல கட்டுப்பாடு போட்டாங்க, மதகு வழியா முறைப்படிதான் தண்ணி, யாரும் ஏரியில மோட்டார் போடக் கூடாது, போட்டா அவங்க நிலத்துக்கு அடுத்த முறை வெட்டு. நெல்லு கதிர் வர நேரத்துல ஒரு முறை வெட்டுனா என்னன்னு உனக்குச் சொல்ல வேண்டாம், பாதி பதராப் போயிடும்.

பொங்கல் கழிஞ்ச வாரம் ஒரு செவ்வாக்கிழமை, டிராக்டர்ல நாலு பேர் வந்து கடை வாசல்ல ஒரு மோட்டாரை இறக்கினாங்க. ஒரு எச்.பி., தண்ணிக்குள்ள முங்க வச்சு ஓட்டறது. ஊரே ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த மத்தியானத்துல, கரைமேல போற கம்பியில கொக்கி போட்டு கரண்ட் எடுத்து எவனோ ஏரியில இதை ஓட்டியிருக்கான். மதகு திறக்கற ஆள் கொக்கியைப் பார்த்துட்டு கல்யாண வீட்டுல போய் சொல்லி ஆளுங்களோட திரும்பி வர்றதுக்குள்ள ரப்பர் டியூபைச் சுருட்டிக்கிட்டு போயிட்டாங்க, மோட்டார் மட்டும் சேத்துல கிடந்துச்சு. பேர் பட்டையை அரத்தால ராவியிருக்கு. யாரைக் கேட்டாலும் எனது இல்லைங்கறாங்க. சங்கத் தலைவர் ராமகிருஷ்ணன் என்கிட்ட, பாய், இந்தப் பக்கத்து மோட்டார் முக்கால்வாசி உங்க கையில காயில் சுத்தினது, பிரிச்சுப் பார்த்து யாருதுன்னு சொல்லுங்க, நீங்க வெளியூர் ஆள், நீங்க சொன்னா எல்லாரும் ஒத்துப்பாங்கன்னு சொன்னார். நாலு போல்ட்டைக் கழட்டினேன். பார்த்த உடனே தெரிஞ்சுபோச்சு. நூல் முடிச்சு என் முடிச்சு. ஒயர் முனையில நீல ஸ்லீவ் குழாய் மாட்டியிருந்துச்சு, நான் எப்பவும் கறுப்புதான் போடுவேன், ரம்ஜான் மாசத்துல கறுப்பு தீர்ந்துபோய் ஒரே ஒரு மோட்டாருக்குத்தான் நீலம் போட்டேன். அன்னிக்கு நீ போன் பண்ண, பேச ஓடற அவசரத்துல சூடு பட்டு விரல் வெந்துச்சே, அந்த மோட்டார். அது வேடியப்பன் மாட்டுக் கொட்டாய்க்குத் தண்ணி ஏத்தற மோட்டார்.

என் வேலை மாதிரி இருக்கு, யாருதுன்னு யோசிச்சுப் பார்த்துச் சொல்றேன்னு சொல்லி அனுப்பிட்டேன். பொய்யும் சொல்லல, நிஜமும் சொல்லல. மறுநாள் பஸ் ஏறி வேடியப்பன் வீட்டுக்குப் போனேன். அவன் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கிட்டிருந்தான். நான் சுத்தி வளைக்காம, வேடி, உன் சின்ன மோட்டார் எங்கன்னு கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்காம கொட்டாய் மூலையைக் காட்டி, அதோ கோணி போட்டு மூடி வச்சிருக்கேன் பாய்னு சொன்னான். கோணிக்கு அடியில என்னமோ இருந்துச்சு, மோட்டார் அளவுக்குத்தான் இருந்துச்சு. அந்தக் கோணியை நான் தூக்கிப் பார்க்கல மகளே. முப்பது வருஷப் பழக்கம், அவன் இருக்குன்னு சொன்ன பிறகு எப்படித் தூக்கறது. மோர் குடிச்சிட்டு வந்துட்டேன். பஸ்ல வரும்போதே, நான்தான் தப்பா நினைச்சுட்டேன், நீல ஸ்லீவ் வேற யாருக்கோ போட்டிருப்பேன், எனக்கும் வயசாயிடுச்சுன்னு என்னையே சமாதானம் பண்ணிக்கிட்டேன். கடைக்கு வந்து திரும்ப மோட்டாரைப் பிரிச்சுப் பார்த்தேன், என் கை பொய் சொல்லல. அப்ப வேடியப்பன் பொய் சொல்றானா? அவனுக்கு ஏன் ஏரியில மோட்டார் போடணும்? அவன் நிலம் மதகுக்குக் கிட்ட இருக்கு, அவன் முறைக்குத் தண்ணி குறைஞ்சதே இல்ல. எனக்கு ஒண்ணும் புரியல. அம்மிகிட்ட சொன்னேன், அவ உங்களுக்கு என்ன வந்துச்சு, தெரியாதுன்னு சொல்லிட்டு விட்டுடுங்கன்னா. நானும் அப்படித்தான் முடிவு பண்ணினேன்.

கூட்டம் போட்டது பௌர்ணமி அன்னிக்கு. ஊருக்குள்ள பஸ் விடல, மலை சுத்த வர கூட்டத்துக்கு எதிர்ல நடந்து திண்டிவனம் ரோட்டுல தற்காலிக பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய் பஸ் புடிச்சேன். மோட்டாரை முன்னாடியே டிராக்டர்ல எடுத்துப் போயிட்டாங்க. ஏரிக்கரைமேல ஜமக்காளம் விரிச்சு அம்பது அறுபது பேர் உக்காந்திருந்தாங்க. நான் போய்ச் சேர்றதுக்குள்ளயே பேச்சு சகாதேவன் மேல திரும்பியிருந்துச்சு. சகாதேவன்னா அந்த ஊர்ல நானூறு அடி போர் போட்டவர், அவர் போர் போட்டதுல இருந்து சுத்தி இருந்த கிணறெல்லாம் வத்திப்போச்சுன்னு எல்லாருக்கும் ஆத்திரம். கொக்கி போட்ட இடத்துக்கு நேர் கீழ அவர் நிலம். அவரைத் தவிர எவனுக்கு அந்தத் தைரியம் வரும்னு ஆளாளுக்குக் கத்தறாங்க. அந்த மனுஷன் எழுந்து நின்னு, என் மோட்டார் இல்ல, கற்பூரம் ஏத்துங்க, அணைச்சு சத்தியம் பண்றேன்னு சொன்னார். ஒருத்தன் சிரிச்சான். ஏத்துடா பார்க்கலாம்னு இன்னொருத்தன் சொன்னான். தட்டுல கற்பூரம் வச்சு நெருப்புக் குச்சியும் உரசிட்டாங்க. அவர் சட்டைக் கையை மடிச்சுக்கிட்டு முன்னாடி வந்தார். எனக்கு அவரைப் புடிக்காது, என் கடைக்கே வர மாட்டார், வேலூர்ல இருந்து ஆள் கூட்டி வருவார். ஆனா நிஜம் பேசறவன் நெருப்புல கை வைக்கறான், நிஜம் தெரிஞ்சவன் பக்கத்துல உக்காந்திருக்கேன். எப்படி எழுந்தேன்னு தெரியல. சகாதேவன் இல்லீங்க, இது நான் வேடியப்பனுக்குக் கட்டிக் குடுத்த மோட்டார்னு சொல்லிட்டேன்.

வேடியப்பன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். அவன் மேல ஒருத்தருக்கும் கோவப்படக் கூடத் தோணல. அப்ப கடைசியில நின்னுக்கிட்டிருந்த ஒரு பொம்பளை முன்னாடி வந்துச்சு. எல்லம்மாள்னு பேரு, புருஷன் செத்து ஆறு வருஷம் ஆவுது, அறுபது சென்ட் நிலம். அந்த நிலம் எங்க இருக்குதுன்னா மகளே, ஏரிக்கரைக்கு இந்தப் பக்கம், கரை ஏறி எட்டிப் பார்த்தா முப்பது அடியில தண்ணி நிக்குது. ஆனா மதகு இருக்கறது கரையோட அந்தக் கோடி, கால்வாய் ஊர் நிலமெல்லாம் சுத்திக்கிட்டு கடைசியிலதான் இவளுக்கு வருது. அவ சொன்னா, அவரைக் கேக்காதீங்க, மோட்டாரைக் கேட்டு வாங்கினவ நான், போட்டவ நான். ஏழு முறை மதகு திறந்தீங்க, ரெண்டு முறைதான் எனக்குத் தண்ணி வந்துச்சு, மீதி அஞ்சு முறையும் மேல இருக்கறவங்க மடையை அடைக்க மறந்துட்டீங்க. மறந்தா அது திருட்டில்ல, நான் மோட்டார் போட்டா திருட்டான்னு கேட்டா. சத்தம் போடல, அழல. மணி என்னன்னு கேக்கற மாதிரி கேட்டா.

கூட்டத்துல எவனோ ஒருத்தன் வாய்க்குள்ளயே, இந்தப் பொம்பளைக்கு வேடியப்பன் எதுக்கு மோட்டார் குடுக்கறான்னு முனகினான். அப்பத்தான் எனக்கு உறைச்சுது, அவன் என்கிட்ட எதுக்குப் பொய் சொன்னான், எதுக்குக் கோணியைக் காட்டினான்னு. தன் முறை வெட்டுப்படும்னு மட்டும் இல்ல, இந்த வாய்க்கும்தான் பயந்திருக்கான். நான் போட்டு உடைச்சுட்டேன். ஆனா முனகினவனுக்கு வேடியப்பன் பெண்சாதி தங்கம்மாள் பதில் சொன்னாங்க. மோட்டாரைக் குடுன்னு சொன்னவ நான், டியூபைச் சுருட்டித் தலையில வச்சுக்கிட்டு ஓடினவளும் நான்தான், இன்னும் என்ன தெரியணும்னு கேட்டாங்க.

முடிவு என்னன்னா, கட்டுப்பாடு கட்டுப்பாடுதான், மோட்டார் வேடியப்பனுது, அதனால அவனுக்கு ஒரு முறை வெட்டு. எல்லம்மாளுக்கும் வெட்டணும்னு நாலு பேர் சொன்னாங்க, அதுக்கு சகாதேவன் எழுந்து, வராத தண்ணியில எதை வெட்டுவீங்கன்னு கேட்டார். அவர் அப்படிக் கேப்பார்னு யாரும் எதிர்பார்க்கல. ரொம்ப நேரம் பேசி, இந்த ஒரு தரம் மட்டும் கடைசி நிலத்துல இருந்து ஆரம்பிச்சு மேல வரதுன்னு ராமகிருஷ்ணன் சொல்லி எழுந்துட்டார். மோட்டாரை அறுவடை வரைக்கும் நானே வச்சிருக்கணும்னு திரும்ப என் கடைக்கே அனுப்பிட்டாங்க. எல்லம்மாள் நிலத்துக்குத் தண்ணி பாஞ்சுதாம். வேடியப்பன் கழனியில ஓரமெல்லாம் கதிர் வெளுத்துப்போச்சாம். ரெண்டையும் கேட்டுக்கிட்டுதான் கடையில உக்காந்திருக்கேன், சந்தோஷப்படறதா வருத்தப்படறதான்னு தெரியல.

அதுக்கப்புறம் வேடியப்பன் கடைப் பக்கம் வரல. அவன் ஊர்க்காரர் ஒருத்தர் வந்தார், வேடியப்பன் என்ன சொல்றான்னு கேட்டேன். பாய் சொன்னது சரிதான், ஆனா அதை பாய் சொல்லியிருக்கக் கூடாதுன்னு சொல்றாராம். இந்த ஒரு வரியை வச்சிக்கிட்டு எத்தனை நாள் உக்காந்திருந்தேன் தெரியுமா. சரின்னா ஏன் சொல்லக் கூடாது? சொல்லக் கூடாதுன்னா எப்படி சரி? பள்ளிவாசல்ல ஹஜ்ரத்தைக் கேட்டேன், சாட்சியை மறைக்கறது பாவம், நீங்க செஞ்சதுதான் முறைன்னார். அம்மியைக் கேட்டேன், உங்க வாய் சும்மா இருந்திருக்கலாம்னா. சைஃபுல்லாவைக் கேட்டேன், அப்பா நீங்க முதல் நாளே அவர்கிட்ட போய், நான் சொல்லத்தான் போறேன்னு சொல்லியிருக்கணும்னான். இந்தப் பையன் சொல்றதுதான் மகளே எனக்குக் குத்துது. கோணியைத் தூக்காதது மரியாதைன்னு நினைச்சேன். தூக்கியிருந்தா ரெண்டு பேரும் பேசியிருப்போம். பேசியிருந்தா அவனே எழுந்து நின்னு சொல்லியிருப்பானோ என்னமோ.

முந்தாநேத்து மனசைக் கல்லாக்கிக்கிட்டு கிளம்பிப் போனேன். அவன் கழனி வரப்புல உக்காந்திருந்தான். வான்னும் சொல்லல, போன்னும் சொல்லல. நானும் பக்கத்துல உக்காந்தேன். ஒரு கதிரை உருவி உள்ளங்கையில வச்சுக் கசக்கி ஊதினான், பாதி பறந்துபோச்சு, மிச்சத்தை என் கையில கொட்டினான். எதுக்குக் குடுத்தான்னு தெரியல, திங்கறதா திருப்பிக் குடுக்கறதா, சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். ஒரு மணி நேரம் அப்படியே உக்காந்திருந்தோம். நான் என்னென்னமோ சொல்லணும்னு போனேன், ஒண்ணும் வரல. அஞ்சரை பஸ் வர சத்தம் கேட்டு எழுந்தேன். பத்தடி நடந்திருப்பேன், பின்னாடி இருந்து, பாப்பா கடுதாசி போட்டுச்சான்னு கேட்டான். உன்னைத்தான். நான் போட்டுச்சுன்னேன். நல்லா இருக்குதான்னான். நல்லா இருக்குன்னேன். அவ்வளவுதான். பஸ் ஏறிட்டேன். இது பேசினதுல சேர்த்தியா இல்லையான்னு எனக்கு விளங்கல. அம்மி சேர்த்திதான்ங்கறா.

நீ பிளஸ் டூ முடிச்சப்ப காலேஜ் வேணாம், படிச்ச வரைக்கும் போதும்னு நான் சொன்னது உனக்கு ஞாபகம் இருக்கும். வேடியப்பன் கடைக்கு வந்து ரெண்டு மணி நேரம் உக்காந்து என்னோட சண்டை போட்டது உனக்குத் தெரியாது, உன்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருந்தான். இப்ப நானே சொல்றேன், இதையும் நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்னமோ. அவன் அன்னிக்கு வரலைன்னா இன்னிக்கு நீ டீச்சர் இல்ல. புள்ளைங்களுக்குத் தண்ணி பிரிக்கற கதை வேணும்னு கேட்டல்ல, நான் எழுதினதை அப்படியே நடத்திடாத, அவனையும் கேளு. ரொட்டேஷன், மடை, முறை எல்லாம் அவனுக்குத்தான் தெரியும், எனக்கு மோட்டார் மட்டும்தான் தெரியும்.

உடம்பைப் பார்த்துக்க. பாப்பாவுக்கு ஃபலஜ் தண்ணியில விளையாடறேன்னு சளி புடிச்சுக்கப் போவுது. மாப்பிள்ளைக்கு என் சலாம் சொல்லு, வீட்டுப் பெரியவங்களுக்கும் சொல்லு. அம்மி முத்தம் குடுக்கச் சொன்னா. அல்லாஹ் உங்க மூணு பேருக்கும் பரக்கத்தும் நிம்மதியும் குடுக்கட்டும். ஒண்ணு மட்டும் மறக்காத, வேடியப்பன் மாமாவுக்கு தனியா ஒரு கவர் போடு. என் கடிதத்துக்குள்ள வச்சு அனுப்பாத, அவன் பேருக்கு, அவன் ஊர் விலாசத்துக்கு போடு. அதுல என்னைப் பத்தி ஒண்ணும் எழுத வேணாம்.

இப்படிக்கு,
உன் நலத்தையே கேட்டுக்கொண்டிருக்கும் அப்பா,
ஜானி பாஷா